காடும் கோப்பியும் காலநிலையும்: மனிதப் பொறுப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

காலநிலை மாற்றம் குறித்து எழுதுவோரும் பேசுவோரும் ‘மனிதன்’ என்னுஞ் சொல்லைப் பெரும்பாலும் ஒருமையிலேயே வழங்கிவருகின்றனர். மனிதன் காடுகளை அழித்தான். மனிதன் வளிமண்டலத்தை மாசுபடுத்தினான். ஆகவே மனிதனே பொறுப்பேற்றல் வேண்டும் என்பது அவர்தம் வாதத்தின் சாரமாகும். இக்கூற்று பொய்யானதன்று. காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, வளிமண்டலமும் கடலும் நிலமும் வெப்பமடைந்தமைக்கு மனிதச் செயற்பாடுகளே காரணம் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை என்று அறுதியிட்டுக் கூறியது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் வளிமண்டலத்திற் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, ஹவாயித் தீவின் மௌனா லோவா நிலையத்திற் சார்ள்ஸ் கீலிங் 1958இல் அளவிடத் தொடங்கியபோது ஏறத்தாழ 315 பங்காக உயர்ந்திருந்தது; 2024இல் அது 420ஐயும் கடந்துவிட்டது. கைத்தொழிற் புரட்சிக்கு முற்பட்ட நிலையைவிட உலகச் சராசரி வெப்பநிலை 1.5 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்து பதிவான முதல் ஆண்டும் 2024 ஆகும். இவை அளந்தறியப்பட்ட உண்மைகள்.

ஆயினும், அளவீடு கூறுவது வேறு, வரலாறு வினவுவது வேறு. பழந்தமிழர் வாழ்வைப் பற்றிப் பேசுகையில் ‘சங்ககாலத் தமிழன்’ என்று ஒருமையிற் சுட்டினால், மன்னனும் பாணனும் உழவனும் ஏவலனும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றனர் என்பதை இலக்கிய மாணவர் நன்கறிவர். காலநிலை பற்றிய பேச்சில் வரும் ‘மனிதன்’ என்ற சொல்லும் அத்தகையதே. காட்டை வெட்டுவித்தவனும் வெட்டியவனும், அதனால் இலாபம் பெற்றவனும் மண்ணுக்குள் புதையுண்டவனும் அங்கு ஒருவராகிவிடுகின்றனர். பொறுப்பு எல்லோருக்கும் உரியதென்று கூறப்படும்போது, நடைமுறையில் அது எவருக்கும் உரியதல்லாததாகிவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மத்திய மலைநாட்டில் நிகழ்ந்த காடழிப்பை எடுத்துக்கொண்டு இவ்வொருமையைப் பகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வேறு பல நாடுகளிலிருந்தும் உதாரணங்கள் காட்டலாமெனினும், காலநிலையும் உலகச் சந்தையும் அரசதிகாரமும் தொழிலாளர் பெயர்வும் ஒரே நிலப்பரப்பில் ஒரே காலப்பகுதியிற் சந்தித்ததை மலைநாட்டைப் போல் தெளிவாகக் காட்டும் இடங்கள் சிலவே. அன்றியும், அந்நூற்றாண்டின் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை. அன்று வெட்டப்பட்ட சரிவுகளிலேயே இன்று மண்சரிவுகள் நிகழ்கின்றன.

2

1815இற் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1820களிற் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கண்டிக்கு வீதி அமைத்ததோடு, கன்னொறுவையிற் தாமே கோப்பித் தோட்டமொன்றையும் தொடங்கினார். வீதியும் தோட்டமும் ஒரே கையால் அமைக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. ஆயினும் கோப்பி பரவுவதற்கு நிலம் வேண்டும். அந்நிலம் விற்கப்படத்தக்க பண்டமாக மாறுவதற்குச் சட்டம் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் அத்தேவையை நிறைவேற்றியது. காடாகவோ தரிசாகவோ பயிரிடப்படாமலோ கிடக்கும் நிலம் யாவும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியதெனக் கொள்ளப்படும் என்று அச்சட்டம் விதித்தது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் பயிரிடப்பட்டு, இடைக்காலத்தில் மீண்டும் காடாக வளர விடப்படும் சேனை நிலத்துக்கும் சன்னசோ வரி செலுத்திய சான்றோ காட்டல் வேண்டும் என்றாயிற்று. எழுதப்பட்ட உறுதியைவிட வழக்காற்றையே உரிமைக்கு ஆதாரமாகக் கொண்டிருந்த கிராமத்தவர் இத்தகைய சான்றுக்கு எங்கு செல்வர்?

இவ்வாறு ‘வெறுங்காணி’ ஆக்கப்பட்ட காடு, 1844இல் விலை உயர்த்தப்படும்வரை, ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலையில் விற்கப்பட்டது. வாங்கியோருள் தேசாதிபதி ஸ்டுவர்ட் மக்கென்சி உட்படக் குடியியற் சேவையின் உயர் உத்தியோகத்தர் பலர் இருந்தனர். சட்டத்தை இயற்றியோரும் அதனை நிருவகித்தோரும் அதனாற் பயனடைந்தோரும் ஒரே வட்டத்தினராக அமைந்தமை, காலனித்துவ அரசு வர்க்க நலன்களுக்கு மேலே நின்ற நடுவர் அன்று என்பதை வெளிப்படையாகக் காட்டுகிறது. 1870களின் இறுதியிற் கோப்பி ஏறத்தாழ 275,000 ஏக்கரிற் பரவியிருந்தது.

கோப்பி பரவியது பெரும்பாலும் காட்டிலேயன்றி வயலிலன்று. எனவே குடியானவன் இழந்தது சொற்பமே என வாதிடுவோர் உளர். காட்டைப் பயனற்ற வெற்றிடமாகக் காணும் நோக்கின் விளைவே இவ்வாதமாகும். கண்டியக் கிராமத்தில் வயலும் தோட்டமும் சேனையும் காடும் ஒரே வாழ்க்கை முறையின் உறுப்புகள். மாடுகள் மேய்ந்ததும், விறகும் வீட்டு மரமும் மருந்து மூலிகையும் கிடைத்ததும், வயலுக்கு நீர் ஊறியதும் காட்டிலேதான். காட்டை இழந்த வயல், பெயரளவில் மட்டுமே பழைய வயலாக எஞ்சியது.

3

நிலம் கிடைத்தது, உழைப்பு எங்கிருந்து கிடைத்தது? காடு வெட்டும் வேலையிற் சிங்களக் கிராமத்தவரும் ஒப்பந்த அடிப்படையில் ஈடுபட்டனர். ஆயினும் துப்புரவாக்கிய நிலத்திற் குழி வெட்டி, கன்று நட்டு, களை பிடுங்கி, பழம் பறித்து, பாதை அமைத்த உழைப்பின் பெரும்பகுதி தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளருடையது. திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் திரட்டிய இம்மக்கள், கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடே மாத்தளைவரை கால்நடையாகச் சென்றனர். கொள்ளைநோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர்.

அவர்கள் ஏன் வந்தனர் என்ற வினாவுக்குக் கங்காணியின் ஆசை வார்த்தைகளை மட்டும் விடையாகக் கொள்ளுதல் போதாது. நிலமற்ற சாதியினரின் அடிமைநிலை, கடன், நிலவரிச் சுமை ஆகியன நிலையான காரணங்கள். இவற்றோடு பஞ்சமும் சேர்ந்தபோது பெயர்வு பெருக்கெடுத்தது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சம் இவ்வகையில் ஆழ்ந்து நோக்கற்பாலது. அப்பஞ்சத்துக்கு முன்னோடியான வறட்சி, பசுபிக் சமுத்திரத்தின் நீர் வழக்கத்துக்கு மாறாக வெப்பமடையும் எல் நினோ என்ற நிகழ்வோடு தொடர்புடையது. பதிவுகளால் அறியப்பட்ட எல் நினோக்களுள் மிக வலியவற்றில் அதுவும் ஒன்று. அதே ஆண்டுகளில் வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் மழை பொய்த்தது. பசுபிக்கின் நீர்வெப்பத்துக்கும் தொலைதூர நாடுகளின் மழைக்குமுள்ள தொடர்பு பற்றிய அறிவு, 1920களிற் கில்பேட் வோக்கரின் ஆய்வுகளாலும் 1969இல் யாக்கோப் பியர்க்னெஸின் விளக்கத்தாலும் படிப்படியாக உருப்பெற்றது.

மழை பொய்த்தமை இயற்கை. ஆனால் பஞ்சம் இயற்கையன்று. இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படும் அக்காலத்திலும் பிரித்தானியாவுக்குக் கோதுமை ஏற்றுமதி நிற்கவில்லை. சந்தையின் போக்கில் அரசு தலையிடலாகாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. நிவாரண வேலைத்தலங்களிற் கடும் உழைப்புக்கு ஈடாக நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சிறிது காசுமே போதுமெனச் சேர் றிச்சட் டெம்பிள் வகுத்த அளவு, உயிர் தரிக்கப் போதாதென்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் கண்டித்தார். தானியம் இருந்தது, வாங்கும் வலு இருக்கவில்லை. புகையிரதப் பாதைகள் இருந்தன. அவை தானியத்தைப் பசித்தவனிடமன்றி விலை உயர்ந்த இடத்துக்கே கொண்டு சென்றன. 2001இல் வெளிவந்த ஆய்வொன்றில் மைக் டேவிஸ், இப்பஞ்சங்களைக் காலநிலையும் ஏகாதிபத்தியச் சந்தையும் இணைந்து விளைவித்த அழிவுகளாக விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்.

அப்பஞ்சத்துக்குத் தப்பியோரில் ஆயிரக்கணக்கானோர் இலங்கைக்கு வந்தனர். அக்காலம் கோப்பிச் செய்கை திம்புள்ளை, டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய உயர்ந்த காட்டுப் பகுதிகளுள் விரைந்து முன்னேறிக்கொண்டிருந்த காலமாகும். இங்கு ஒரு வரலாற்று முரண் புலப்படுகிறது. மழை பொய்த்ததால் மண்ணை இழந்த உழவன், மழையைத் தாங்கிநின்ற காட்டை அழிக்கும் தொழிலுக்குக் கூலியானான். காட்டின்மீது அவனுக்கு உரிமையும் இருக்கவில்லை, பகையும் இருக்கவில்லை. அவன் கையிலிருந்த கத்தியை இயக்கிய விசை இலண்டன் கோப்பிச் சந்தையிலிருந்தது.

அக்காலத் தமிழ் எழுத்துச் சான்றுகளும் இவ்வேறுபாட்டைப் புலப்படுத்துகின்றன. ஆபிரகாம் ஜோசப் இயற்றி 1869இல் அச்சேறிய கோப்பிக் கிருஷிக் கும்மி, பயிர்ச்செய்கையைத் தோட்ட நிருவாகத்தின் கண்கொண்டு நோக்குவது. பிற்காலத்திற் சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் சேகரித்த மலைநாட்டு வாய்மொழிப் பாடல்களோ அதே மலையை உழைப்பவரின் நோக்கிலிருந்து, குளிரும் அட்டையும் பிரிவும் நிறைந்த இடமாகக் காண்கின்றன. கும்மி பயன்தரும் நிலத்தைப் பார்த்தது. வாய்மொழிப் பாடல் உடலைப் பார்த்தது. மலையையும் மழையையும் பற்றிய அனுபவங்கூட வர்க்க நிலைக்கேற்ப வேறுபடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கியச் சான்று வேண்டியதில்லை.

4

காட்டை அழித்தால் காலநிலை கெடும் என்பதை அன்றைய ஆட்சியாளர் அறியாதிருந்தனர் என்று கூற முடியாது. காடழிப்பினால் மழை குறைந்து நிலம் வறளும் என்ற கருத்து பதினெட்டாம் நூற்றாண்டிலேயே மொரீசியஸ் தீவின் பிரெஞ்சு நிருவாகியான பியர் புவாவ்ரின் நடவடிக்கைகளில் இடம்பெற்றது. 1800இல் வெனிசுவேலாவின் வலென்சியா ஏரியைக் கண்ட அலெக்சாந்தர் ஹம்போல்ட், சுற்றுப்புறக் காடுகள் அழிந்ததே ஏரி சுருங்கியதற்குக் காரணங்களுள் ஒன்று என விளக்கினார். தீவுகளிலும் காலனிகளிலும் முதன்முதலிற் கண்கூடாகிய இவ்வழிவுகளிலிருந்தே நவீன சூழலியற் சிந்தனையின் ஒரு கிளை தோன்றியது என்பதை றிச்சட் குறோவ் 1995இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியுள்ளார்.

இலங்கையிலும் இவ்வெச்சரிக்கை எழுந்தது. கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், காடழிப்பினால் இத்தீவின் காலநிலைக்கு நேரக்கூடிய கேடு குறித்து 1873இல் குடியேற்றநாட்டு அலுவலகத்தின் கவனத்தை ஈர்த்தார். அதன் விளைவாக ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்காது பாதுகாக்கும் கொள்கை வகுக்கப்பட்டது. இதன் பயனைக் குறைத்து மதிப்பிடல் தகாது. 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டுக் காடுகள் இன்றளவும் எஞ்சி நின்று, நாட்டின் பெருநதிகளுக்கு ஊற்றாக விளங்குவதற்கு அக்கொள்கையும் ஒரு காரணமாகும். அறிவியலாளனின் குரல் அரசின் செவியில் விழுந்த அரிய சந்தர்ப்பம் அது.

எனினும், எந்த எல்லைக்குள் அக்குரல் செவிமடுக்கப்பட்டது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். கோப்பிக்குப் பெரிதும் உகந்த வலயம் ஏறத்தாழ இரண்டாயிரம் அடிக்கும் ஐயாயிரம் அடிக்கும் இடைப்பட்டது. இலாபம் முடியுமிடத்திற் பாதுகாப்புத் தொடங்கியது. அதற்குக் கீழே சரிவுகள் யாவும் வெட்டுண்டபின், குற்றவாளியைத் தேடிய அரசின் பார்வை சேனைப் பயிர்ச்செய்கையாளன்மீது விழுந்தது. 1882இல் வின்சன்ட் சமர்ப்பித்த வன நிருவாக அறிக்கை சேனையைக் கடுமையாகச் சாடியது. 1885இன் வனக் கட்டளைச் சட்டம் காடுகளைக் கிராமத்தவரிடமிருந்து மேலும் விலக்கியது.

சேனை காட்டுக்குத் தீங்கே செய்யாது என்று வாதிடுவது எமது கருத்தன்று. சனத்தொகை பெருகித் தரிசுக்காலம் குறுகும்போது சேனையும் மண்ணை மெலியச் செய்யும். ஆனால் சேனையாளன் விட்டுச்சென்ற நிலத்திற் காடு மீண்டும் முளைத்தது. தோட்டமோ காடு மீளாதவாறு அமைக்கப்பட்டது. முன்னையது பிழைப்பு, பின்னையது மூலதனக் குவிப்பு. அவ்விரண்டும் ‘காடழிப்பு’ என்ற ஒரே சொல்லாற் சுட்டப்பட்டு, தண்டனை மட்டும் எளியவனுக்கு உரியதாகியமை, சூழற் பாதுகாப்பும் வர்க்க ஆதிக்கத்தின் கருவியாகக்கூடும் என்பதை உணர்த்துகிறது. ஏழை நாடுகளின் விறகடுப்பையும் நெல்வயலையும் முதற்குற்றவாளியாகக் காட்ட முனைவோரின் வாதத்தில் வின்சன்ட் அறிக்கையின் எதிரொலியை இன்றும் கேட்கலாம்.

5

கோப்பியின் முடிவு அதன் தோற்றத்தைப் போலவே படிப்பினை மிக்கது. கோப்பிக் கிருஷிக் கும்மி அச்சேறிய அதே 1869ஆம் ஆண்டில், மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த இங்கிலாந்தின் பேர்க்லி, அப்பங்கசுக்கு ஹெமிலேயா வஸ்தாத்திரிக்ஸ் எனப் பெயரிட்டார். 1880இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட், அதன் வித்திகள் காற்றால் பரவுவதை நுணுகி ஆராய்ந்தார். இடையில் வேறு மரங்களின்றிப் பரந்த வெளியிற் கோப்பி ஒன்றையே நட்ட முறை நோய்க்கு வழிதிறந்துவிட்டது என்பதையும் எடுத்துக்காட்டினார். காடு நின்றிருந்தால் காற்றைத் தடுத்திருக்கும். தடையை வெட்டியெறிந்த தோட்டம் தன் பகைக்குத் தானே பாதை அமைத்தது. 1880களிற் கோப்பித் தொழில் நிலைகுலைந்தது. தோட்டங்கள் கைமாறின, வங்கி முறிந்தது, தொழிலாளர் பலர் கூலியின்றிக் கைவிடப்பட்டனர்.

மூலதனம் இதிலிருந்து கற்றுக்கொண்டது பயிரை மாற்றுவதை மட்டுமே. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, நூற்றாண்டின் முடிவில் ஏறத்தாழ நான்கு இலட்சம் ஏக்கரைப் பிடித்துக்கொண்டது. ஒருபயிர் முறையும், ஒரு புல்லும் எஞ்சாது களையெடுத்து நிலத்தை வெறுமையாக வைக்கும் வழக்கமும் தொடர்ந்தன. பருவமழைக்குத் திறந்துவிடப்பட்ட சரிவிலிருந்து மேல்மண் கழுவுண்டு ஓடைகளிலும் வயல்களிலும் படிந்தது. மண்ணரிப்புப் பற்றிய குழுவொன்றின் அறிக்கை 1931இல் வெளியிடப்பட்டது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே நிறைவேறியது. முதற்காடு விற்கப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்திருந்தது.

இவ்விடத்தில் 1876ஆம் ஆண்டுக்கு மீண்டும் திரும்புதல் பொருத்தமாகும். சென்னை மாகாணத்தில் மழை பொய்த்த அவ்வாண்டில், மனிதக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பு வகித்த பங்கு பற்றி ஏங்கெல்ஸ் கட்டுரையொன்று எழுதினார். அவர் மறைந்தபின் 1896இலேயே அது வெளிவந்தது. இயற்கையின்மீது நாம் ஈட்டும் ஒவ்வொரு வெற்றிக்கும் இயற்கை எதிர்பாராத விளைவுகளைத் திருப்பித் தருகிறது என்பதை அதில் விளக்கும் அவர், காட்டிய உதாரணங்களுள் ஒன்று கியூபாவின் கோப்பித் தோட்டங்களாகும். அங்கு ஸ்பானியத் தோட்டக்காரர் மலைச்சரிவுக் காடுகளை எரித்து, அச்சாம்பலை ஒரு தலைமுறைக் கோப்பிக்கு உரமாகப் பெற்றனர். பின்னர் வெப்பமண்டல மழை மேல்மண்ணை அள்ளிச்செல்ல வெறும் பாறையே எஞ்சியது. அதனைப் பற்றி அவர்கள் கவலைகொள்ளவில்லை என்று அவர் எழுதினார். இலங்கையைப் பற்றி எழுதியிருந்தாலும் அவர் ஒரு சொல்லையும் மாற்றவேண்டியிருந்திராது. 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதலாந் தொகுதியில் மார்க்ஸ், முதலாளித்துவ விவசாயம் உழைப்பாளியையும் மண்ணையும் ஒருங்கே கொள்ளையிடுகிறது என்று நிறுவியமையும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. மண்ணின் சுரண்டலும் மனிதனின் சுரண்டலும் இருவேறு பிரச்சினைகள் அல்ல.

ஆயினும் மார்க்சியவாதிகள் இக்கருத்தைத் தமக்குச் சாதகமாக மட்டும் பயன்படுத்திக்கொள்ளல் நேர்மையன்று. சோவியத் ஒன்றியம் பருத்தி உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு அமு தரியா, சிர் தரியா ஆறுகளின் நீரைத் திருப்பியதால், 1960களிலிருந்து ஆரல் கடல் சுருங்கி, 1980களின் இறுதியில் இரண்டாகப் பிளவுண்டது. மீன்பிடித் துறைகள் மணலில் நின்றன. உப்புத்தூசி ஊர்களைச் சூழ்ந்தது. தனியுடைமை ஒழிந்த இடத்திலும், உற்பத்தி இலக்கே ஒரே அளவுகோலாகி, பாதிக்கப்படும் மக்களின் குரல் திட்டத்தில் இடம்பெறாதபோது, இதே அழிவு நிகழும் என்பதை நாம் மறைக்கலாகாது. உடைமை மாற்றம் தேவையானது. ஆனால் அது மட்டும் போதுமானதன்று. இலங்கையிலும் 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமை ஆக்கின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இரு மாற்றங்களிலும் லயன் அறை லயன் அறையாகவே இருந்தது.

6

பத்தொன்பதாம் நூற்றாண்டின் காடழிப்பு உள்ளூர்க் காலநிலையையும் மண்ணையும் நீரையும் பாதித்தது. அதே நூற்றாண்டில் நிலக்கரியை எரித்து இயங்கத் தொடங்கிய கைத்தொழில் முதலாளித்துவமோ உலகம் முழுவதன் காலநிலையையும் மாற்றத் தொடங்கியது. கோப்பியையும் தேயிலையையும் சுமந்து சென்ற நீராவிக் கப்பல்களும், 1867இற் கண்டியை அடைந்த புகையிரதமும் இவ்விரு வரலாறுகளையும் பிணைக்கும் கண்ணிகளாகும். நிலக்கரி எரிப்பினால் வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு மிகுந்து புவி வெப்பமடையக்கூடும் என்பதை 1896இலேயே சுவீடனின் அரேனியஸ் கணித்துக் காட்டியிருந்தார். காட்டைப் பற்றி ஹூக்கர் கூறியதைப்போலவே, இதுவும் அறியாமையாற் புறக்கணிக்கப்பட்டதன்று.

கைத்தொழிற் புரட்சியிலிருந்து இன்றுவரை சுவட்டு எரிபொருள்களை எரித்ததால் வளிமண்டலத்திற் சேர்ந்த காபனீரொட்சைட்டில் ஏறத்தாழக் காற்பங்கு ஐக்கிய அமெரிக்கா ஒன்றினுடையது. இன்றும் அங்கு ஆண்டொன்றுக்குத் தலைக்கு ஏறத்தாழ 14 தொன் வெளியேற்றப்படுகையில், இலங்கையில் அது ஏறத்தாழ ஒரு தொன்னே. அந்த ஒரு தொன்னிலும், கொழும்பின் குளிரூட்டப்பட்ட மாளிகையின் பங்கும் தோட்ட லயனின் பங்கும் சமமல்ல. 1992இன் காலநிலைச் சமவாயம் ‘பொதுவான, ஆயின் வேறுபடுத்தப்பட்ட’ பொறுப்புகள் என்ற கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது. இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் ஒன்றை அமைக்க 2022இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் உடன்பாடு காணப்பட்டது. கோட்பாட்டுக்கும் நிதியத்துக்கும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்தன. அந்நிதியத்துக்கு வாக்களிக்கப்பட்ட தொகையோ நேர்ந்த இழப்போடு ஒப்பிடுகையில் மிகச் சொற்பம்.

விளைவுகளோ உலகெங்கும் ஒரே சீராக விழவில்லை. வெப்பமடைந்த காற்று கூடிய நீராவியைத் தாங்குகிறது. ஆதலின் மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது, பெய்யாதபோது வறட்சி கடுமையாகிறது. 2022இற் பாகிஸ்தானின் பரந்த நிலப்பரப்புகளை மூழ்கடித்த வெள்ளத்தில் ஆயிரத்து எழுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பசுபிக்கின் துவாலு, கிரிபாட்டி போன்ற தாழ்ந்த பவளத் தீவுகளுக்குக் கடல்மட்ட உயர்வு இருப்புப் பற்றிய பிரச்சினையாகியுள்ளது. வெளியேற்றத்தில் இந்நாடுகளின் பங்கு மிகச் சிறியது.

7

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தையில், மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் பெருமழையைத் தொடர்ந்து சரிந்த மண்ணுக்குள் புதையுண்டன. பலருடைய உடல்கள் மீட்கப்படவே இல்லை. மண்சரிவு அபாயமுள்ள இடமென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையினால் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எண்ணற்ற சரிவுகள் இடிந்தன. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தோர் எல்லா இனத்தவரும் ஆவர். சரிவிற் கட்டப்பட்ட வறியவனின் வீட்டுக்கு இன வேறுபாடு கிடையாது.

எச்சரிக்கப்பட்டும் ஏன் அவர்கள் அகலவில்லை என்று கேட்போர் உளர். அகன்று எங்கு செல்வது என்பதே அதற்குரிய எதிர்வினா. தோட்டத் தொழிலாளியின் வீட்டு நிலம் அவனுடையதன்று. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்துப் பகிர்ந்தது. பின்னர் பிரசாவுரிமை மீண்டபோதும் காணியுரிமை மீளவில்லை. அபாயமான இடத்தை விட்டுப் பெயரும் உரிமை, நிலமுள்ளவனுக்கே உண்மையில் உண்டு. ஆகவே 1840இன் சட்டமும் 2014இன் மண்சரிவும் ஒரே வரலாற்றின் இரு முனைகளாகும்.

இவ்விடத்திலேதான் மனிதப் பொறுப்புப் பற்றிய நமது வினாவுக்கு விடை பிறக்கிறது. 1877இல் வறட்சியை இயற்கை தந்தது. அதனைப் பஞ்சமாக்கியது சமூக அமைப்பு. இன்றோ வறட்சியின் கடுமையிலும் மழையின் வெறியிலும் மனிதச் செயலின் பங்கு உண்டு. அதாவது, இயற்கையின் தலையிற் சுமத்தி ஒதுங்கிக்கொள்ளும் வழியும் அடைபட்டுவிட்டது. முன்னர் பேரழிவின் இரண்டாங் கட்டம் மட்டுமே சமூகத்தின் விளைபொருள். இப்போது முதற்கட்டத்திலும் அதன் கை படிந்துள்ளது. பொறுப்பு இதனாற் குறைவதில்லை, இரட்டிக்கிறது. ஆனால் அது மனிதகுலம் என்ற பொதுப்பெயர்மீது சமமாகப் பரப்பத்தக்கதன்று. இலாபம் எவ்வழியிற் சென்றதோ அவ்வழியிலேயே பொறுப்பும் தேடப்படல் வேண்டும்.

சிலப்பதிகாரம் பாலையைத் தனியொரு நிலமாகக் கொள்ளவில்லை. குறிஞ்சியும் முல்லையும் வேனிலின் வெம்மையால் இயல்பு திரிந்து அடையும் நிலையாகவே அதனைக் காண்கிறது. பாலை பிறப்பால் அமைவதன்று, உண்டாவது என்ற இந்நோக்கு ஆழமானது. நமது காலத்துப் பாலையும் உண்டாக்கப்பட்டதே. உண்டாக்கப்பட்டது என்பதால், அதனை உண்டாக்கிய உறவுகள் மாற்றப்படக்கூடியன என்பதும் பெறப்படும்.

அம்மாற்றம் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதற்கு மலைநாடே வழிகாட்டுகிறது. சரிவுகளில் மீண்டும் காடு வளர்த்தல், மண்ணைக் காக்கும் பயிர்முறை, அபாய வலயங்களிலிருந்து மக்களைக் குடிபெயர்த்தல் ஆகியவற்றைத் தொழில்நுட்பப் பிரச்சினைகளாக மட்டும் காண்போர், அவற்றை ஒரு நூற்றாண்டாகத் தாமதப்படுத்தியது எது என்று கேட்பதில்லை. நிலத்தின்மீது உரிமையில்லாதவனிடம் நிலத்தைப் பேணுமாறு கோருவது நீதியன்று, பயனளிப்பதுமன்று. வீட்டுக்கும் பயிருக்கும் பாதுகாப்பான காணியைத் தோட்டத் தொழிலாளியின் உடைமையாக்குவது இனப்பிரச்சினையின் ஒரு கூறாகவும் தொழிற்சங்கக் கோரிக்கையாகவும் இதுவரை பேசப்பட்டுவந்தது. அது சூழற் பாதுகாப்பின் முதற் படியும் ஆகும். உலக அரங்கில் வளர்ந்த நாடுகளிடம் இலங்கை இழப்பீடு கோருவது முற்றிலும் நியாயமே. ஆனால் அக்கோரிக்கையை முன்வைக்கும் அரசு, அதே நியாயத்தைத் தன் மலைச்சரிவுகளில் வாழ்வோருக்கும் வழங்கக் கடமைப்பட்டுள்ளது. காட்டை வெட்டக் கொண்டுவரப்பட்டு, வெட்டிய சரிவிலேயே இருநூறு ஆண்டுகளாக நிறுத்திவைக்கப்பட்ட மக்களின் காலடி நிலம் உறுதிப்படும்போதே, மனிதப் பொறுப்பு என்ற சொல் இந்நாட்டிற் பொருளுடையதாகும்.